நாற்பத்தோராவது பிள்ளை

இஷாத் தொழுதுவிட்டு வீடு வந்தால், விறாந்தையில் எனக்குக் கதிரை கிடைப்பதில்லை. என் கதிரையில் மருமகன் இருப்பான். வாங்கில் என் மகனும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும். படிக்கட்டில் இன்னும் இரண்டு பேர். நடுவில் ஒரு கைத்தொலைபேசி. சண்டை நடந்துகொண்டிருக்கும்.

முதல் நாள் கேட்டபோது காணி எல்லைத் தகராறு ஏதோ என்றுதான் எண்ணினேன். "ஆறுக்கு ஆறு" என்றது ஒரு குரல். "பத்துக்கு நாலு எண்டா குறைவா?" என்றது மற்றது. "அப்ப கரீம எங்க வெக்கிற?" என்று படிக்கட்டிலிருந்து மூன்றாவது குரல் எழுந்தது. எங்களூரில் கரீம்கள் பலர் இருக்கிறார்கள். எந்தக் கரீமை எங்கே வைக்கப் போகிறார்கள் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

பிறகுதான் விளங்கியது, அது அமெரிக்கக் கூடைப்பந்து. மைக்கல் ஜோர்டனா, லெப்ரோன் ஜேம்ஸா பெரியவர் என்பது வழக்கு. அந்த நாட்டில் சலூன் கதிரையிலும் வானொலியிலும் பல வருடங்களாகத் தீராமல் இருக்கும் வழக்கு எப்படியோ கடல் தாண்டி எங்கள் விறாந்தைக்கு வந்திருந்தது.

கொண்டு வந்தவன் மருமகன். தங்கையின் குடும்பம் டோஹாவில் பல வருடம் இருந்துவிட்டு 2020இல் ஊர் திரும்பியது. மச்சானுக்கு வேலை போய்விட்டது. அங்கே மருமகனின் வகுப்பில் பிலிப்பைன்ஸ் பிள்ளைகள் நிறையப் பேர். எங்களுக்குக் கிரிக்கெட் எப்படியோ, அவர்களுக்குக் கூடைப்பந்து அப்படி. ஊருக்கு வந்தபோது அவனுடைய பெட்டியில் உடுப்பைவிடப் பத்திரமாக ஒரு பந்து இருந்தது. பந்து இருந்தது, வளையம் இல்லை. பாடசாலையில் பெண்பிள்ளைகளின் வலைப்பந்துக் கம்பம் ஒன்றுண்டு. அதில் பலகை கிடையாது. பொடியன்கள் அந்தப் பக்கம் போக வெட்கப்பட்டார்கள். ஆகவே ஆட்டம் குறைந்து, பேச்சு கூடியது. அமெரிக்காவில் இரவில் ஆடும் ஆட்டம் இங்கே சுபஹு நேரம். தொழுதுவிட்டு வரும்போதே புள்ளி விபரம் வந்துவிடும். பகல் முழுக்க அதை மனத்தில் வைத்துக்கொண்டு, இரவில் வந்து கொட்டுவார்கள்.

நான் கணித ஆசிரியன். பயிற்சிக் கலாசாலையை விட்டு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. விளையாட்டில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. ஆனால் பிள்ளைகள் எண்களை வைத்துக்கொண்டு தர்க்கிப்பதைக் கேட்டும் கேளாதவனாக இருக்க ஒரு கணித ஆசிரியனால் முடியாது. ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து ஓரமாகப் போட்டுக்கொண்டேன்.

வழக்கின் சாரம் இதுதான். ஜோர்டன் சிக்காகோ புல்ஸ் அணியோடு 6 தடவை இறுதிச் சுற்றுக்குப் போனார். 1991 முதல் 1993 வரை மூன்று, 1996 முதல் 1998 வரை மூன்று. ஆறிலும் வெற்றி. லெப்ரோன் 10 தடவை இறுதிச் சுற்றுக்குப் போனார். 4 வெற்றி, 6 தோல்வி. ஆனால் புள்ளிகளை அள்ளிக் குவித்தவர் லெப்ரோன். 2023 பெப்ரவரியில் அவர் கடந்து போன சாதனை, அதற்கு முன் ஏறக்குறைய 39 வருடம் ஒரே ஆளிடம் இருந்தது. அந்த ஆள்தான் படிக்கட்டுப் பொடியன் சொன்ன கரீம். கரீம் அப்துல் ஜப்பார், 38,387 புள்ளிகள்.

அந்த ஒரு பெயர் எனக்கும் தெரிந்திருந்தது. லூ அல்சிண்டராகப் பிறந்து, இருபத்தொரு வயதில் இஸ்லாத்தைத் தழுவி, 1971இல் மில்வோக்கி அணிக்குக் கிண்ணம் வென்று கொடுத்த கையோடு தன் புதிய பெயரை உலகுக்கு அறிவித்தவர். அவர் கல்லூரியில் ஆடிய காலத்தில், மேலிருந்து பந்தை வளையத்துக்குள் திணிப்பதையே 1967இல் கல்லூரி ஆட்டங்களில் தடை செய்தார்கள். அவரை மனத்தில் வைத்துத்தான் அந்த விதி வந்தது என்று பலர் சொல்வதுண்டு. விதி வந்ததும் அவர் வேறொரு எறிதலைக் கூர்மையாக்கிக்கொண்டார். பக்கவாட்டில் நின்று, ஒரு கையைக் கொக்கிபோல் உயர்த்தி, எவருக்கும் எட்டாத உயரத்திலிருந்து விடும் எறிதல். வாழ்நாள் முழுக்க அதுதான் அவருக்குக் கைகொடுத்தது. ஒரு வழியை அடைத்தால் பிள்ளை இன்னொரு வழியைக் கண்டுபிடிக்கும் என்பதற்கு வகுப்பில் இதை உதாரணம் சொல்லியிருக்கிறேன். சொன்ன அளவுக்கு நானே நம்பினேனா என்பது வேறு விடயம்.

"மாமா, நீங்க கணக்கு மாஸ்டர்தானே. சொல்லுங்க, ஆறா பெரிசு, நாலா பெரிசு?" என்று ஒருநாள் மருமகன் என்னையும் இழுத்தான்.

"ஆறுதான்" என்றேன்.

"பாத்தியா!"

"அப்பிடியெண்டா வாப்பா, ரொபர்ட் ஹோரிக்கு ஏழு இரிக்கி. அவர் ஜோர்டன விடப் பெரியவரா? பில் ரஸலுக்குப் பதினொண்டு" என்றான் என் மகன்.

நான் வாயை மூடிக்கொண்டேன். ஹோரி நல்ல துணை வீரர், ஆனால் எந்த அணியிலும் அவர் முதலாமவராக இருந்ததில்லை என்பது பிறகு தெரிந்தது. மகன் விடவில்லை. "லெப்ரோன் கடைசி ஆட்டத்தில தோத்தத எண்ணுறீங்க. ஜோர்டன்ட அணி முதல் மூணு வருசமும் முதல் சுற்றிலயே வெளியேறின. அத ஏன் ஒருத்தரும் எண்ணுறல்ல? கடைசி வரைக்கும் வந்து தோக்கிறது முதல்லயே தோக்கிறத விடக் கேவலமா?"

இரவு படுத்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதத்தைக் கோட்டை விட்ட பிள்ளையை நாங்கள் பரிதாபமாகப் பார்க்கிறோம். சோதினை மண்டபத்துக்கே வராமல் ஒன்பதாம் தரத்தோடு நின்ற பிள்ளை எங்களுடைய பெறுபேற்று வீதத்தில் எங்கேயும் வருவதில்லை. அவன் தோற்றதாகக்கூட எந்தப் பதிவும் இல்லை.

கேட்கக் கேட்க, இந்தப் பிள்ளைகளில் மூன்று வகையினரைக் கண்டுகொண்டேன். மருமகன் கணக்கால் பார்ப்பவன். என் மகன் கண்ணால் பார்ப்பவன். "எண்ண விடுங்க, அவன் பந்தப் புடிக்கிற விதத்தப் பாருங்க" என்பான். பக்கத்து வீட்டுப் பிள்ளை லொஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் கட்சி. அணியைப் பார்ப்பான், ஆட்டத்தைப் பார்க்க மாட்டான். தோற்றால் நடுவர் பிழை.

கணக்கால் பார்ப்பவன் எனக்கு ஒரு பாடத்தையே தந்தான். கோட்டுக்கு உள்ளே நின்று 100 தரம் எறிந்து 50 விழுந்தால், தலா 2 வீதம் 100 புள்ளி. கோட்டுக்கு வெளியே எட்டி நின்று எறிந்து 35 மட்டுமே விழுந்தாலும், தலா 3 வீதம் 105 புள்ளி. அதிகம் தவறவிடுகிறவன் அதிகம் பெறுகிறான். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் அந்த மூன்று புள்ளிக் கோடு வந்தது 1979இல். இந்தச் சின்னக் கணக்கின் முழு அர்த்தத்தையும் அணிகள் உணர முப்பது வருடத்துக்கு மேல் எடுத்தது. 2015–16 பருவத்தில் ஸ்டெபன் கறி என்ற வீரர் தனியாளாக 402 மூன்று புள்ளி எறிதல்களைப் போட்டார். (பெயரைக் கேட்டு என் மனைவி அடுப்படியிலிருந்து சிரித்தாள்.) எட்டாம் தரத்தில் வீதங்கள் படிப்பிக்கும்போது மாம்பழ வியாபாரியை விட்டுவிட்டு இந்தக் கணக்கைப் போட்டேன். பின்வாங்கு நிமிர்ந்து உட்கார்ந்தது.

இந்த விளையாட்டை உண்டாக்கியவரும் ஓர் ஆசிரியர்தான் என்று அறிந்தபோது சந்தோசமாக இருந்தது. 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு பயிற்சிக் கலாசாலையில் உடற்கல்வி படிப்பித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித். குளிர்காலத்தில் வெளியே விட முடியாத ஒரு குழப்படி வகுப்பை அவர் தலையில் கட்டினார்கள். பீச் பழக்கூடைகள் இரண்டை மாடிக் கைபிடியில் அடித்து, 13 விதிகளை எழுதி, பிள்ளைகளைப் பக்கத்துக்கு ஒன்பது பேராகப் பிரித்து விட்டார். அன்றைய ஆட்டம் முழுக்க ஒரே ஒரு பந்துதான் கூடைக்குள் விழுந்ததாம். வகுப்பில் ஒரு பிள்ளையையும் அவர் வெளியே நிறுத்தவில்லை. பதினெட்டுப் பேர் இருந்தார்கள், ஆகவே ஒன்பதுக்கு ஒன்பது. பிள்ளைகளின் தொகைக்கேற்ப ஆட்டத்தை அமைத்திருக்கிறார்.

ஒக்டோபரில் பருவம் தொடங்கும்போது பிள்ளைகள் ஒரு சீ.ஆர். கொப்பியில் யார் வெல்வார் என்று எழுதி வைப்பார்கள். ஜூனில் கொப்பி திறக்கும். பிழையாகச் சொன்னவன் ஃபலூடா வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று முதலில் வைத்திருந்தார்கள். இது சூது என்று சத்தம் போட்டேன். சரியாகச் சொன்னவன் வாங்கிக் கொடுப்பதென்று மாற்றினார்கள். அதன் பிறகு ஒருவனுக்கும் சரியாகச் சொல்ல விருப்பமில்லாமல் போயிற்று. விரும்பினாலும் இலேசில் சொல்ல முடியாது. 2019 முதல் 2025 வரை ஏழு வருடத்தில் ஏழு வேறு வேறு அணிகள் வென்றன. டொரன்டோ, லொஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ், மில்வோக்கி, கோல்டன் ஸ்டேற், டென்வர், பொஸ்ரன், ஒக்லஹோமா சிற்றி. கொப்பி முழுக்கச் சிவப்புக் கோடு.

அவர்கள் மட்டுமல்ல, அதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்களும் பிழைக்கிறார்கள். வருடத்துக்கொரு தடவை புதிய இளைஞர்களை அணிகள் வரிசையாகத் தெரிவு செய்யும் நிகழ்வு ஒன்றுண்டு. இரண்டு சுற்று. உயரம், நிறை, கையின் நீளம், பாயும் உயரம் எல்லாம் அளந்து, வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்துத்தான் எடுப்பார்கள். 1984இல் முதலாவதாக ஹியூஸ்டன் எடுத்தது ஹகீம் ஒலாஜுவானை. லாகோஸ் நகரத்துப் பிள்ளை, பதினைந்து வயதில்தான் கூடைப்பந்தைத் தொட்டவர். 1995 பெப்ரவரியில் றமழான் நோன்போடு ஆடி, அந்த மாதத்தின் சிறந்த வீரராகத் தெரிவானவர். அந்தத் தெரிவில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் இரண்டாவதாக போர்ட்லண்ட் அணி, தமக்கு உயரமான ஆள்தான் வேணும் என்று சாம் போவியை எடுத்தது. பாவம், காலில் காயத்துக்கு மேல் காயம். மூன்றாவதாக மிஞ்சியவர் ஜோர்டன். 2009இல் மினசோட்டா ஐந்தாவதாகவும் ஆறாவதாகவும் இரண்டு பேரை எடுத்தது. ஏழாவதாக வந்தவர்தான், மெலிந்தவர், சின்னவர் என்று பலர் ஐயப்பட்ட ஸ்டெபன் கறி.

இவற்றிலெல்லாம் மருமகனுக்குப் பிடித்த கதை 2014இன் கதை. சேர்பியாவில் சொம்போர் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஒரு பிள்ளை. ஏழடிக்குக் கொஞ்சம் குறைவு. தொந்தி. ஓட்டம் மெதுவு. பாயத் தெரியாது. லீற்றர் கணக்கில் கோலா குடிப்பான். டென்வர் அணி அவனை 41ஆவதாக எடுத்தது. அந்த அறிவிப்பு வந்த நேரம் தொலைக்காட்சியில் ஓர் உணவுக் கடை விளம்பரம் போய்க்கொண்டிருந்தது. அவன் ஊரில் படுத்து நித்திரை. நாற்பது பெயரை வாசித்து முடித்தும் எவருக்கும் தேவைப்படாத பிள்ளை, நிக்கொலா யோகிச். 2021, 2022, 2024 என்று மூன்று தடவை பருவத்தின் மிகப் பெறுமதியான வீரர் அவர்தான். 2023இல் டென்வருக்கு முதற் கிண்ணம். இன்றைக்கும் அவர் பாய்வதில்லை. ஆட்கள் எங்கே நிற்கிறார்கள், அடுத்து எங்கே நிற்பார்கள் என்று பார்த்து, அங்கே பந்தை அனுப்பிவிடுகிறார். அந்தப் பார்வையை அளக்க அவர்களிடம் அளவுநாடா இருக்கவில்லை.

இதில் நான் கவனித்தது வேறு. டென்வர் அவரை உடனே மேடையேற்றவில்லை. ஒரு வருடம் ஊரிலேயே ஆட விட்டது. பிறகு அழைத்து, சில காலம் மாற்று வீரராக வாங்கில் வைத்து, மற்றொருவரோடு சேர்த்துப் பார்த்து, சரிவராமல், 2016 டிசம்பரில் பயிற்றுநர் மைக்கல் மலோன் அவரை மையத்தில் வைத்து அணியைத் திருப்பினார். எடுத்தது ஒரு நாள், ஆளாக்கியது இரண்டரை வருடம். கதையைச் சொல்கிறவர்கள் 41ஐச் சொல்கிறார்கள். இரண்டரை வருடத்தைச் சொல்வதில்லை.

எங்கள் ஆசிரியர் ஓய்வறையிலும் ஒரு விறாந்தை உண்டு. இடைவேளைத் தேநீரோடு நடக்கும். "இவன் டொக்டர், எழுதி வெச்சுக்கங்க." "அவளுக்கு ஒன்பது ஏ." "இவனுக்கு எஸ் பாஸும் வராது." புலமைப்பரிசில் பெறுபேறு வரும் காலத்தில் வெட்டுப்புள்ளியைச் சுற்றிச் சண்டையே நடக்கும். கணக்கால் பார்க்கும் ஆசிரியர்கள் உண்டு. கண்ணால் பார்ப்பவர்களும் உண்டு. குடும்பத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிற லேக்கர்ஸ் கட்சியும் எங்களிடம் உண்டு. ஒரு வித்தியாசம்தான். விறாந்தையில் பிழைத்தால் கொப்பியில் ஒரு சிவப்புக் கோடு விழும், அடுத்த ஒக்டோபரில் புதிதாக எழுதலாம். நாங்கள் பிழைத்தால் எந்தக் கொப்பியிலும் கோடு விழுவதில்லை. அந்தப் பிள்ளைக்கு அடுத்த ஒக்டோபரும் இல்லை.

2010இல் ஒரு தாய் என்னைத் தேடிப் பாடசாலைக்கு வந்தார். மகன் ஒன்பதாம் தரம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளிக்குக் கிட்டவும் வராத பிள்ளை. என்னுடைய கணித வகுப்பில் பின்வாங்கு. தவணைச் சோதினையில் 14, 19, 11. எழுதியதைவிடக் கொப்பியின் ஓரத்தில் கீறியது அதிகம்.

"சேர், இவன சாதாரண தரம் வரைக்கும் விடவா, இல்லாட்டி ஒரு வேலைக்கு விடவா? ஒங்கட வாயால ஒரு சொல் சொல்லுங்க" என்றார்.

என் கையில் புள்ளிப் பதிவேடு இருந்தது. அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "இவனுக்குக் கணக்கு ஏறாது ராத்தா. ஒரு தொழிலப் பழக்கினா ஒங்களுக்கும் ஒதவி" என்றேன். நல்லது சொல்கிறோம் என்ற நினைப்போடுதான் சொன்னேன். அந்தத் தாய் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அடுத்த கிழமை பின்வாங்கில் ஓர் இடம் வெறுமையாக இருந்தது.

அந்தப் பிள்ளையின் வாப்பாவை 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோயிருந்தது. அது எனக்குத் தெரியாத விடயமல்ல. எங்கள் கரையோரத்தில் அது யாருக்கும் தெரியாததல்ல. அந்த 14க்குள்ளும் 11க்குள்ளும் அந்த நாளும் இருந்தது. நான்தான் அதைச் சேர்த்து எண்ணவில்லை.

போன வருடம் மருமகன் வளையம் கேட்டு அழத் தொடங்கிவிட்டான். முற்றத்தில் இடமிருந்தது. சந்தியில் இருக்கும் வெல்டிங் பட்டறையில் சொல்லிவிட்டேன். குழாயும் கம்பியும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கியவன் அவன்தான். பட்டறை அவனுடையது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். ஏன் என்று இப்போது கேட்டால் என்னிடம் சரியான மறுமொழி இல்லை.

"சேர், எத்தின அடியில வெக்கிற?"

"பத்தடி" என்று மருமகன் முந்திக்கொண்டான். "வளையம் பதினெட்டு இஞ்சி."

வளையத்தை வளைத்து ஒட்டிவிட்டு, சூடாற வைத்திருந்தான். பொடியன்கள் பொறுக்காமல் சுவரில் கரியால் கோடு போட்டு எறிந்து பழகினார்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவன், "தம்பி, இப்பிடி நேராப் போட்டா எப்பிடி விழும்?" என்றான்.

ஆறிய வளையத்தைக் கையில் எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தான். "மேல இருந்து பாத்தா வட்டம். இந்தா, இப்பிடிச் சரிச்சா முட்ட மாதிரி. இன்னும் சரிச்சா வெறும் கம்பி. பந்துக்கும் இப்பிடித்தானே தெரியும்? மேலால வந்தா வாய் பெரிசு. பக்கத்தால வந்தா வாயே இல்ல."

பிறகு அளவுநாடாவால் பந்தின் குறுக்கை அளந்தான். ஒன்பதரை இஞ்சிக்குக் கொஞ்சம் குறைவு. வளையத்தைச் சரித்துச் சரித்து, அதன் வாய் ஒன்பதரை இஞ்சியாகத் தெரியும் இடத்தில் நிறுத்தினான். "இதுக்குக் கீழ வந்தா கம்பியில படாம விழாது. ஒயத்திப் போடுங்க."

நான் உள்ளே போய் ஒரு கடதாசித் துண்டில் செய்து பார்த்தேன். பந்தின் விட்டத்தை வளையத்தின் விட்டத்தால் வகுத்து, சைன் அட்டவணையில் தேடினால், ஏறக்குறைய 32 பாகை. வெளியே வந்து அவன் பிடித்திருந்த சரிவை நினைவில் ஒத்துப் பார்த்தேன். அதிகம் வித்தியாசம் இருக்கவில்லை. பதினோராம் தரத்தில் நான் கரும்பலகையில் படிப்பிக்கிற திரிகோண கணிதம் அவன் கையில் இருந்தது. கொப்பியின் ஓரத்தில் அவன் கீறிக்கொண்டிருந்தது என்னவென்று ஒரு நாளாவது நான் எட்டிப் பார்த்ததில்லை.

மருமகனுக்கு அவனை நன்றாகப் பிடித்துவிட்டது. கம்பத்துக்குக் குழி வெட்டும்போது பக்கத்தில் நின்று யோகிச்சின் கதையை ஒன்றும் விடாமல் சொன்னான். நாற்பது பேர், விளம்பரம், நித்திரை, எல்லாம். அவன் மண்ணை அள்ளியபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப, மத்த நாப்பது பேரயும் எடுத்த ஆக்கள் இப்ப என்ன சொல்ற?"

"ஒண்டும் சொல்றல்ல. அடுத்த வருசம் வேற ஆக்கள எடுக்கிற."

அவன் சிரித்தான். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

"நீங்க எந்த ஸ்கூல்ல படிச்ச நானா?" என்று மருமகன் கேட்டான்.

"மாமாட ஸ்கூல்லதான். ஒன்பதாம் ஆண்டு வரைக்கும்."

"ஏன் அதோட நிப்பாட்டின?"

மண்வெட்டி ஒரு கணம் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு குழிக்குள் பார்த்து, "வாப்பா இல்லதானே. ஒழைக்க வேண்டி வந்த" என்றான்.

அது பொய்யல்ல. முழுக்க உண்மையும் அல்ல. என் வீட்டு முற்றத்தில், என் பிள்ளைகளுக்கு முன்னால், அவன் என்னை மூடி மறைத்துவிட்டான். அந்த இடத்தில் வாய் திறந்திருக்க வேண்டியவன் நான். "சூடா ஒரு பிளேன்டீ போடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அதற்குப் பிறகு ஓய்வறையில் எதிர்காலம் சொல்லும் பேச்சு எழுந்தால் நான் கலந்துகொள்வதில்லை. அது பெரிய காரியமில்லை. மற்றவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பின்வாங்குக் கொப்பிகளின் ஓரங்களைப் பார்க்கிறேன். பெரும்பாலும் கிரிக்கெட் மட்டையும் வானூர்தியும்தான் இருக்கும். இருந்தாலும் பார்க்கிறேன்.

பாக்கிக் காசைக் கொடுக்கப் பட்டறைக்குப் போனேன். சொல்ல வேண்டியதை வழி நெடுக மனத்தில் ஒத்திகை பார்த்திருந்தேன். அவன் முகக்கவசத்தைக் கழற்றி, கையைத் துடைத்து, எனக்கொரு கதிரை போட்டான். அவனுடைய மகள் ஓர் ஓரத்தில், இரும்புத் தகட்டில் வெண்கட்டியால் ஏதோ கீறிக்கொண்டிருந்தாள். முதலாம் தரமாம்.

"தம்பி, அண்டைக்கு ஒங்கட உம்மாக்கிட்ட நான்..." என்று தொடங்கினேன்.

"உம்மா இன்னும் ஒங்களப் பத்திப் பேசுற சேர்" என்று அவன் இடைமறித்தான். "தொழில் பழக்கச் சொன்னது சேர்தானே எண்டு. அதாலதான் இந்தப் பட்டற." கேலி இருக்கிறதா என்று முகத்தைப் பார்த்தேன். இருக்கவில்லை. கேலி இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

நான் எழும்பும்போது அவன் மகளைக் கூப்பிட்டான். "சேருக்குக் கொப்பியக் காட்டு மகள்." அவள் கொண்டுவந்து நீட்டினாள். ஐந்து ஏழாகத் திரும்பியிருந்தது. ஒன்பதுக்கு இரண்டு வால்.

"சேர், ஒங்களுக்கு ஆளப் பாத்தா வெளங்கும்தானே" என்றான். "சொல்லுங்க, இவளுக்குக் கணக்கு ஏறுமா?"

அவனுடைய தாய் கேட்ட அதே கேள்வி. அதே நம்பிக்கை.

"தெரியா தம்பி" என்றேன். "எனக்குத் தெரியா. அவள் படிக்கட்டும்."

அவன் கொஞ்சம் ஏமாந்துபோனதாகத்தான் தெரிந்தது. பிள்ளை கொப்பியை வாங்கிக்கொண்டு தகட்டடிக்குப் போய், விட்ட இடத்திலிருந்து கீறத் தொடங்கினாள். என்ன கீறுகிறாள் என்று பார்க்க, நான் அவளுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினேன்.